துறைக்கு வரும் தொலைபேசி, இணைய பில்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஜூலையில் துறைத்தலைவராகப் பொறுப்பேற்றேன். இப்போது மேசையில் நான்கு தாள்கள். புதிதாக வாங்கிய ஃபைபர் இணைப்புக்கு மாதம் 1,770 ரூபாய் என்றார்கள். முதல் பில்லே 2,950. ஒரு தரைவழித் தொலைபேசியிலிருந்து ஓர் அழைப்புகூடப் போகவில்லை, மாதாமாதம் 354 வருகிறது. ஆய்வகத்துக்கென ஒரு தனியார் நிறுவனத்திடம் எடுத்த லீஸ்டு லைனுக்கு 29,500 பில். அதில் முந்தைய பாக்கி 3,000 என்று வேறு இருக்கிறது. நாங்கள் ஒரு மாதம்கூடக் கட்டத் தவறவில்லை. நிதிப்பிரிவு அந்த பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டது. நான்காவது, கணினி மையம் அனுப்பியிருக்கும் ‘போர்ட் கட்டணம்’ டெபிட் நோட். இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்:

மேடம், பல்கலைக்கழக நிதிப்பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். தொலைபேசி பில்கள் பல வருஷம் என் சீட்டில்தான் இருந்தன. அந்தத் தைரியத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2,950 சரியான பில்லாகத்தான் தெரிகிறது. 3,000 பாக்கி, பெரும்பாலும் கணக்குப் பொருந்தாத கோளாறு. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த 354 பற்றி. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபைபர் பில்லை எடுங்கள். அடியில் இருக்கும் மொத்தத் தொகையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, ‘கட்டணக் காலம்’ என்று இரண்டு தேதி போட்டிருக்கும் வரியைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் மாத வாடகையை முன்கூட்டியே வாங்குகின்றன. உங்கள் இணைப்பு செப்டம்பர் 11-இல் உயிர் பெற்றது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் வரும் முதல் பில்லில் செப்டம்பரின் மீதி 20 நாளும் இருக்கும், அக்டோபர் முழுதும் இருக்கும். வரி இல்லாத வாடகை 1,500. 20 நாளுக்கு 1,000, அதோடு 1,500, ஆக 2,500. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 450. கூட்டினால் 2,950, உங்கள் பில் தொகையேதான். அடுத்த மாதம் தானாக 1,770-க்கு வந்துவிடும். இணைப்பை மாதநடுவில் திரும்ப ஒப்படைக்கும்போது இதே கணக்கு எதிர்ப்பக்கமாக நடந்து, முன்பணமாகக் கட்டிய நாட்களுக்கு வரவு வரும். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஜூலைக்கு முன் சேவை வரி 15 சதவீதம் இருந்தது, ஜிஎஸ்டி வந்ததும் தொலைத்தொடர்புக்கு 18 ஆனது. ‘கல்வி நிறுவனத்துக்கு வரி விலக்கு இருக்கிறதே, நமக்கு எதற்கு?’ என்று ஒவ்வொரு புதிய துறைத்தலைவரும் ஒருமுறை கேட்பார். விலக்கு நாம் மாணவருக்குத் தரும் கல்விக்கு. நாம் வாங்கும் தொலைபேசிக்கு அல்ல. கல்வி வரிவிலக்கில் இருப்பதால் அதற்காகக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக (வாங்கும்போது கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) திரும்ப எடுக்கவும் முடியாது. கம்பெனிக்காரர் 1,500 என்று செலவு எழுதும் இடத்தில் நாம் 1,770 எழுத வேண்டும். பட்ஜெட் போடும்போது விளம்பரத்தில் பார்த்த தொகையைப் போட்டுவிட்டு ஜனவரியில் நிதி பற்றவில்லை என்று வருகிற துறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேகத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் ‘100 வாங்கினோம், 12 தான் வருகிறது’ என்று பில்லை நிறுத்தி வைத்த பேராசிரியர்கள் உண்டு. பில்லில் எழுதியிருப்பது மெகாபிட். கணினி கோப்பை இறக்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் வந்தால் அதுவே முழு வேகம். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற அளவு வரம்பு தாண்டினால் இன்றைய பெரும்பாலான திட்டங்களில் பணம் ஏறாது, வேகம்தான் இறங்கும். மாதக் கடைசி வாரத்தில் மட்டும் இணையம் மாட்டுவண்டியாகிறது என்றால் லைன்மேனைக் கூப்பிடுவதற்கு முன் அந்த வரம்பைப் பாருங்கள். 2005-க்குப் பிந்தைய சில வருஷங்களில் அளவு தாண்டினால் எம்பி கணக்கில் பணம் போட்டார்கள். சில வீட்டுத் திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் வராது என்பதால், அலாரம் வைத்து எழுந்து கட்டுரைகளை இறக்கிய ஆய்வு மாணவர்கள் இப்போது பேராசிரியர்களாக இருப்பார்கள்.

இனி லீஸ்டு லைன். 29,500-ஐப் பிரித்தால் 25,000 வாடகை, 4,500 வரி. ஃபைபர் 1,770-க்குக் கிடைக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு என்று தணிக்கையில் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். சாதாரண பிராட்பேண்டில் ஒரே கொள்ளளவைப் பலர் பகிர்கிறார்கள். லீஸ்டு லைனில் ஒப்பந்தத்தில் எழுதிய அளவு உங்களுக்கே ஒதுக்கியது. ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் ஒன்று. நிலையான ஐபி முகவரி உண்டு. பழுதை இத்தனை மணிக்குள் சரிசெய்வோம் என்ற உறுதிமொழியும் உண்டு. அந்த உறுதிமொழியை யாரும் படிப்பதில்லை. மாதத்தில் இத்தனை சதவீத நேரம் இயங்கவில்லை என்றால் வாடகையில் இவ்வளவு கழிவு என்று பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அது தானாக பில்லில் வராது. இணைப்பு விழுந்த நேரத்தையும், புகார் எண்ணையும், திரும்ப வந்த நேரத்தையும் ஆய்வக உதவியாளர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் மட்டும் கேட்க முடியும்.

இப்போது அந்த 3,000. ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக 2.5 லட்சத்தைத் தாண்டினால், அரசுத் துறைகளும், சட்டத்தால் அமைந்து அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும் அமைப்புகளும் பணம் கொடுக்கும்போது 2 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்தம் செய்ய வேண்டும். 2018 அக்டோபர் முதல் தேதியிலிருந்து நடைமுறை. உங்கள் லைன் வருஷத்துக்கு 3 லட்சம். ஆகவே நிதிப்பிரிவு மாதாமாதம் 25,000-க்கு 2 சதவீதம், அதாவது 500 ரூபாய் பிடித்துக்கொண்டு 29,000 மட்டும் அனுப்பியிருக்கும். அந்த 500, அரசிடம் நிறுவனத்தின் பெயரில் வரவாகக் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய பில் போடும் மென்பொருளுக்கு அது தெரியாது. ‘இந்த வாடிக்கையாளர் 500 குறைவாகக் கட்டியிருக்கிறார்’ என்று அடுத்த பில்லில் தூக்கிப் போடுகிறது. ஆறு மாதத்தில் 3,000. தொகை இவ்வளவு துல்லியமாக 500-இன் மடங்காக இருப்பதே போதும், வேறு சாட்சி வேண்டாம்.

பிடித்தம் செய்தது நிதிப்பிரிவு. அதே நிதிப்பிரிவின் இன்னொரு சீட், ‘முந்தைய பாக்கி ஏன்? விளக்கம் தேவை’ என்று எழுதி உங்களுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. சிரிப்பாக இருக்கும், ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் குறிப்பை எழுதியவர் தன் வேலையைத்தான் செய்தார். நீங்கள் செய்ய வேண்டியது: நிதிப்பிரிவிடம் ஜிஎஸ்டிஆர்-7ஏ பிடித்தச் சான்றிதழ்களைக் கேளுங்கள். மாதம், பில் எண், பில் தொகை, பிடித்தம், அனுப்பிய தொகை, அனுப்பிய தேதி என்று ஒரே தாளில் ஆறு வரி எழுதி, சான்றிதழ்களோடு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் பாக்கியை நீக்கித் தரும் கடிதத்தைக் கோப்பில் வையுங்கள். நடப்பு மாதத் தொகையை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம். நிறுத்தினால் தாமதக் கட்டணம் என்று ஒரு நிஜமான பாக்கி பிறந்துவிடும். தாமதக் கட்டணத்தைப் பல்கலைக்கழகப் பணத்தில் கட்டினால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் யார் பொறுப்பு என்று கேட்பார்கள், சில சமயம் கைக்காசாகவும் முடியும்.

ஒரு விதிவிலக்கு நினைவில் இருக்கட்டும். சேவை தருவது பிஎஸ்என்எல் போன்ற பொதுத்துறை நிறுவனம் என்றால் இந்த 2 சதவீதப் பிடித்தம் கிடையாது. பிடித்தம் செய்யக் கடமைப்பட்ட இரண்டு அமைப்புகளுக்கு இடையில் நடக்கும் சேவைக்கு 2018 டிசம்பர் கடைசியில் வந்த அறிவிக்கை விலக்கு தருகிறது. இது தெரியாமல் பிடித்துவிட்டுப் பிறகு திருத்த அலைந்த கதைகளும் உண்டு.

போர்ட் கட்டணத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக முதுகெலும்பு இணைப்பு பல இடங்களில் தேசிய அறிவு வலையமைப்பு வழியாக வருகிறது. 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு ஒப்புதல் தந்து, தேசிய தகவலியல் மையம் நடத்தும் வலையமைப்பு அது. அதற்காகத் துறைக்கு ஜிபி கணக்கில் பில் வருவதில்லை. ஆனால் வளாகத்துக்குள் ஸ்விட்ச், ஃபைபர், ஃபயர்வால் உரிமம், யுபிஎஸ் பேட்டரி எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. அதை யார் தலையில் எழுதுவது? ஒரு வழி, எல்லாம் மையச் செலவு என்று விட்டுவிடுவது. இன்னொரு வழி, சுவரில் இருக்கும் நெட்வொர்க் முனை (போர்ட்) ஒன்றுக்கு இவ்வளவு என்று துறைகளுக்குப் பற்று எழுதுவது. உங்கள் கணினி மையம் இரண்டாவதைத் தொடங்கியிருக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது பழைய வழக்கம். ஒரு தொலைபேசி இணைப்புக்கு இவ்வளவு, ஒரு முனைக்கு இவ்வளவு என்று மையம் மாதாமாதம் துறைக் கணக்கில் பற்று வைக்கும். அங்கே கூட்டாட்சி அரசின் ஆய்வு நிதி புழங்குவதால் கட்டுப்பாடும் உண்டு: இப்படிப்பட்ட உள்சேவைக் கட்டணத்தில் லாபம் வைக்கக் கூடாது, அரசு நிதியில் ஓடும் திட்டத்துக்கு ஒரு விலை மற்றவர்களுக்கு ஒரு விலை என்று பாகுபடுத்தக் கூடாது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டணத்தைச் சரிசெய்ய வேண்டும். நம் டெபிட் நோட்டில் நான் பார்த்த குறை, விலை எப்படி வந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. நீங்கள் கேட்கலாம், கேட்பது உரிமை: எத்தனை முனைகள், எந்தெந்த அறையில், அவற்றில் உயிரோடு இருப்பவை எத்தனை? பயன்படுத்தாத முனையை மூடச் சொன்னால் ஸ்விட்சில் அதை அணைப்பது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. டெபிட் நோட் என்பது உள்கணக்கு மாற்றம்; அதில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் மட்டும் உடனே நிதி அலுவலரைப் பாருங்கள். தன் துறைக்குத் தானே வரி போடுவது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும்.

எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்பது இன்னொரு தலைவலி. நிரந்தர இணைப்புகள் துறையின் தொலைபேசி மற்றும் இணையத் தலைப்பில் போகட்டும். ஆராய்ச்சித் திட்டத்துக்காக எடுத்த இணைப்பு மட்டும் அந்தத் திட்டத்தின் எதிர்பாராச் செலவினத்தில். திட்டம் மார்ச் 31-இல் முடிகிறது என்றால் ஏப்ரல் பில்லை அதில் ஏற்க மாட்டார்கள். பயன்பாட்டுச் சான்றிதழில் அந்தத் தொகை இடிக்கும். ஆகவே முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே இணைப்பை ஒப்படைப்பதா, துறை எடுத்துக்கொள்வதா என்று முதன்மை ஆய்வாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். சில திட்டங்களில் ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் சலுகை தருவார்கள். நல்லதுதான். ஏப்ரலில் கட்டினால் வருஷக் கணக்கு ஒரே நிதியாண்டில் அடங்கும். டிசம்பரில் கட்டினால் எட்டு மாதம் அடுத்த நிதியாண்டுக்குள் போய், அடுத்த ஆண்டின் செலவை இந்த ஆண்டில் ஏன் செய்தீர்கள் என்று தணிக்கைத் தடை வரும்.

பில் யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். இப்போது காகிதம் குறைவு, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும்தான். இணைப்பு வாங்கிய அன்று துறைத்தலைவராக இருந்தவரின் சொந்த செல்பேசி எண் பதிவாகியிருக்கும். அவர் ஓய்வு பெற்று மகன் வீட்டில் பேரப்பிள்ளையோடு இருப்பார்; ஒவ்வொரு மாதமும் நம் துறையின் பில் அறிவிப்பு அவருக்குப் போகும், திட்டம் மாற்ற நாம் கோரினால் ஓடிபி அவருக்குப் போகும். பாவம், அவரும் எத்தனை நாள் எடுத்துச் சொல்வார்? துறையின் பொது மின்னஞ்சலுக்கும், அலுவலகத்துக்கென ஓர் எண் இருந்தால் அதற்கும் மாற்றிவிடுங்கள்.

பில்லில் தப்பு என்று உறுதியானால் வாய்மொழியாகச் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 குறைதீர்ப்பு விதிகள்படி புகார் மையம் உங்களுக்கு ஒரு புகார் எண் தர வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகார் எண் இல்லாத மேல்முறையீடு நிற்காது. ஆனால் புகார் செய்யும் முன் ஒன்று: 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து செல்பேசிக்கு அழைக்க முன்னால் 0 போட வேண்டும். ‘வெளி அழைப்பே போகவில்லை, வாடகையைக் கழியுங்கள்’ என்று வந்த ஒரு கடிதத்தின் முழுக் காரணமும் அந்தப் பூஜ்யம்தான்.

சரி, 354.

நான் சேர்ந்த காலத்தில் தொலைபேசி பில் என்றால் மீட்டர். 180 நொடிக்கு ஒரு யூனிட், எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) என்றால் தூரத்தைப் பொறுத்துப் படபடவென்று ஓடும். ஒவ்வொரு துறையிலும் டிரங்க் கால் பதிவேடு இருந்தது: தேதி, ஊர், பேசிய எண், அலுவல் அழைப்பா சொந்த அழைப்பா, கையெழுத்து. சொந்த அழைப்பு என்றால் பணத்தைக் கட்டி ரசீது எண்ணையும் எழுத வேண்டும். பில் ஏறினால் ஊரே கூடி விசாரிக்கும். அந்தப் பழக்கம் எங்கள் ரத்தத்தில் ஊறியது: ஏறுகிற பில்லைச் சந்தேகப்படு. இப்போது அழைப்புகள் வாடகைக்குள் அடங்கிவிட்டன, ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. மாறாத பில் யோக்கியனாகத் தெரிகிறது. 354, 354, 354 என்று வந்தால் எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பளிப்புக் குறிப்பு எழுதுவார். வருஷத்துக்கு 4,248. ஆறு வருஷத்துக்கு 25,488.

ஒருமுறை ஒரு அறிவியல் துறையில் தணிக்கையாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ‘ஐந்து எண், கருவி நான்குதானே இருக்கிறது?’ என்றார். நானும் எக்ஸ்சேஞ்ச் அறை ஆபரேட்டரும் ஓர் அலுவலக உதவியாளரும் கிளம்பினோம். ஐந்தாவது எண்ணுக்கு அழைத்தோம், ரிங் போனது. ‘போகிறதே சார், எங்கேயோ இருக்கிறது’ என்றார் உதவியாளர். நாங்கள் மாடி மாடியாக நின்று கேட்டோம், மணிச்சத்தம் எங்கும் இல்லை. ஆபரேட்டர்தான் விளக்கினார்: செப்புக் கம்பி இணைப்பில் நம் காதில் விழும் ரிங் எக்ஸ்சேஞ்ச் தருவது, எதிர்முனைக் கருவி தருவது அல்ல. கருவியைக் கழற்றி எறிந்துவிட்டாலும் ரிங் போய்க்கொண்டே இருக்கும்.

பிறகு படிக்கட்டுக்கு அடியிலிருந்த, தொலைபேசிக் கம்பிகள் பிரியும் டிபி பெட்டியிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு போனோம். சுண்ணாம்பு பூசிப் பூசிச் சுவரோடு சுவராகியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் அடையாளம் கண்டோம். அது ஒரு காலத்தில் துறை நூலகமாக இருந்து பின் ரசாயனக் கிடங்கான அறைக்குள் போய், இரும்பு அலமாரிக்குப் பின்னால், கருவியை இணைக்கும் ஒரு ரொசெட் பெட்டியில் முடிந்தது. பெட்டியில் பல்லியின் முட்டை ஓடு இரண்டு. கருவி இல்லை. நூலகம் இடம் மாறியபோது கருவியைக் கொண்டுபோயிருக்கிறார்கள், லைனை ஒப்படைக்க யாருக்கும் தோன்றவில்லை. குற்றம் எங்களுடையது, எங்கள் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் ‘அழைப்பே போகவில்லை’ என்ற ஒரே காரணத்தால் உங்கள் லைனைத் துண்டித்துவிடாதீர்கள். பில்லில் தெரிவது வெளியே போகும் அழைப்பு மட்டும். உள்ளே வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை, அது பில்லில் தெரியாது. மாணவர் சேர்க்கைக் கையேட்டில் அச்சான எண்ணாக இருக்கலாம். லிஃப்டின் அவசரத் தொலைபேசியாக இருக்கலாம். தீயெச்சரிக்கைப் பெட்டியோடு இணைந்திருக்கலாம். இதையெல்லாம் பார்த்த பிறகு வேண்டாம் என்றால் ஒப்படைப்புக் கடிதம். அதிலும் ஒரு முடிச்சு: சந்தாதாரர் பெரும்பாலும் பதிவாளர்தான், துறைத்தலைவர் அல்ல. அவர் கையெழுத்தில்லாத கடிதம் திரும்பி வரும், அதற்குள் இன்னொரு மாத வாடகை ஏறிவிடும். காப்புத்தொகை கட்டிய பழைய ரசீதின் நகலை இணைத்து, பாக்கி போக மீதியைத் திருப்பித் தரச் சொல்லி அதே கடிதத்தில் கேளுங்கள். ஒப்படைத்த தேதிக்கும் மோடம் போன்ற கருவி இருந்தால் அதற்கும் கையெழுத்தோடு ஒப்புதல் வாங்குங்கள்.

இன்று மாலை ஆறு மணிக்கு மேல், மாணவர்கள் போனபின் செய்து பாருங்கள். செல்பேசியிலிருந்து நீங்கள் அந்த எண்ணுக்கு அழையுங்கள், தளத்துக்கு ஓர் ஆளை நிறுத்துங்கள். உங்கள் காதில் விழும் ரிங்கைக் கணக்கில் எடுக்காதீர்கள். கட்டடத்தில் எங்காவது மணி அடித்ததா என்று மட்டும் அவர்களைக் கேளுங்கள்.